மென்பவளம் வளர்ப்போர் அறிய வேண்டியவை

கடலில்லாத நம் சங்கரன்கோவிலிலும் உப்புநீர்த் தொட்டியில் மென்பவளம் வளர்க்கலாம். ஆனால் விவரமறிந்து முதல் போடுவோம்.

பவளம் செடியன்று, உயிரினம். பெரும்பாலான மென்பவளங்களின் உடலில் வாழும் நுண்பாசி, ஒளியால் உணவு தயாரித்து அதற்கும் தருகிறது. ஆகவே நல்ல விளக்கே முதல் உணவு. நுண்ணிய தீனி வாரம் ஓரிரு முறை, சிறிதளவு போதும். மிஞ்சினால் அழுகி நீர் கெடும். வெப்பம் 25 டிகிரியை ஒட்டியிருக்கட்டும். ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரே ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிவிடும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. கல்பவளமும் கடல்விசிறியும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை விற்பது குற்றம். எனவே எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கை வாசலிலேயே திருப்பி அனுப்புவோம்.