படம் சாய்ந்தால் கடிகாரத்தைப் பார்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. நூற்றுக்கணக்கான பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. பல ஊர்களில் செல்போன் சிக்னலே இல்லை. இப்படிப்பட்ட நாளுக்காகத்தான் ஹாம் ரேடியோ என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்; ஆன்டெனா, பேட்டரி, ஜெனரேட்டர் என்று தயாராகவும் செய்கிறோம். ஆற்றுப் பாலத்தின் அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு எஸ்எஸ்டிவி படமாக (ஒலியாக மாற்றி வரிவரியாக அனுப்பும் படம்) அனுப்ப வேண்டிவந்தால், அந்த வேலை கடைசியில் சில நூறு ரூபாய் யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றின் தலையில் வந்து விழுகிறது. அந்தக் கார்டின் சாம்பிளிங் ரேட்டை அளந்து திருத்தி வைப்பதும் மழைக்கால ஆயத்தத்தில் சேர்த்தி என்பது என் கட்சி.

சவுண்ட் கார்டு 48,000 என்று சொல்வதாலேயே வினாடிக்குச் சரியாக 48,000 மாதிரிகள் எடுத்துவிடாது. உள்ளே இருக்கும் கிரிஸ்டல் எவ்வளவு துல்லியமோ அவ்வளவுதான் அதுவும் துல்லியம். பத்து லட்சத்தில் நூறு பங்கு, அதாவது 100 பிபிஎம் பிழை என்றால் 48,000 என்பது 48,004.8 ஆகிறது. கைக்கடிகாரமாக இருந்தால் நாளுக்கு 8.64 வினாடி தவறும். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எஸ்எஸ்டிவியில் கணக்கு வேறு. மார்ட்டின் 1 முறையில் ஒரு படம் போய்ச்சேர 114 வினாடி ஆகும். அந்த நேரத்தில் 100 பிபிஎம் பிழை 11.4 மில்லிவினாடியாகச் சேர்ந்துவிடும். ஒரு புள்ளிக்கு 0.46 மில்லிவினாடிதான் என்பதால், படத்தின் அடிவரி மேல்வரியைவிட 25 புள்ளி தள்ளிப்போய் நிற்கும். மொத்த அகலமே 320 புள்ளிதான். பத்து நிமிடம் ஓடும் வானிலை ஃபேக்ஸ் படத்தில் இதே பிழை அகலத்தில் எட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அனுப்புபவரின் கடிகாரம் ஒரு பக்கமும் வாங்குபவருடையது மறுபக்கமும் தவறினால் இரண்டும் கூடிக்கொள்ளும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, இப்போது எல்லாரும் எஃப்டி8 என்ற குறுஞ்செய்தி முறையைத்தானே ஓட்டுகிறார்கள், அதற்கு இதெல்லாம் எதற்கு என்பது. உண்மைதான். 12.64 வினாடி ஓடும் எஃப்டி8 அலையில் 100 பிபிஎம் என்பது 1.3 மில்லிவினாடி, அதன் ஒரு குறியீடே 160 மில்லிவினாடி நீளம். தட்டச்சு செய்து பேசும் பிஎஸ்கே31 முறையும் இதைப் பொருட்படுத்தாது. எஃப்டி8 மட்டும் போதும் என்பவர் இத்தோடு இந்தக் கட்டுரையை மூடிவைக்கலாம். இரண்டாவது மறுப்பு வலுவானது: எம்எம்எஸ்எஸ்டிவி போன்ற மென்பொருள் சாய்வைத் தானே நிமிர்த்திவிடுகிறதே? நிமிர்த்தும்தான், ஆனால் ஒவ்வொரு வரியின் ஒத்திசைவுத் துடிப்பையும் பிடித்துத்தான் அது நிமிர்த்துகிறது. சிக்னல் கணீரென்று இருக்கும்போது அது நன்றாகவே வேலை செய்யும். இரைச்சலில் மூழ்கும்போது துடிப்பே கிடைக்காது. அதோடு, அனுப்புபவரின் கடிகாரம் தவறியிருந்தால் கேட்கும் பத்துப் பேரும் தனித்தனியே நிமிர்த்த வேண்டும். அனுப்பும் ஒருவர் ஒருமுறை சரிசெய்தால் போதும்.

அளக்கும் இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒரே கார்டின் வெளியீட்டை அதே கார்டின் உள்ளீட்டில் செருகி, படம் நேராக வருகிறதே என்று மகிழ்வது முதல் வழுக்கல். பெரும்பாலான கார்டுகளில் இரண்டு பக்கத்தையும் ஓட்டுவது ஒரே கிரிஸ்டல். அது எவ்வளவு தவறினாலும் படம் நேராகத்தான் வரும். நண்பர் அனுப்பும் படத்தை வைத்துத் திருத்தினால், அவருடைய பிழையையும் சேர்த்து நம் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் படங்களும் இதற்கு உதவாது. நிலையம் வினாடிக்கு ஏழு கிலோமீட்டர் அளவில் நெருங்கி வந்து விலகிப் போவதால், டாப்ளர் விளைவே 23 பிபிஎம் வரை காலத்தை முன்னும் பின்னும் இழுக்கிறது. (அந்தப் படங்களில் செங்குத்துக் கோடு லேசாக வில்போல் வளைவதற்கு இதுவும் காரணம்.)

ஆகவே வேறொரு கணினியை விட்டுவிட்டு, காலத்தையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். சீனாவின் BPM என்ற கால நிலையம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் வினாடித் துடிப்புகளை ஒலிபரப்புகிறது. எம்எம்எஸ்எஸ்டிவியின் கடிகாரத் திருத்தப் பக்கத்தில் அந்தத் துடிப்புகள் ஒரு கோடாக விழும். கோட்டின் இரு முனைகளையும் சொடுக்கினால் சாய்வைக் கணக்கிட்டுத் தரும். மணிக்கு 25-ஆவது, 55-ஆவது நிமிடங்களில் அந்த நிலையம் வேறொரு கால அளவைக்கு மாறுவதால் கோடு திடீரென்று துள்ளும். அப்போது தொடங்கும் சில நிமிடங்களைத் தவிர்க்கவும். இணைய நேரத்தோடு மாதிரிகளை எண்ணி ஒப்பிடும் வழியும் உண்டு, ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். நெட்வொர்க் தாமதம் 20 மில்லிவினாடி ஆடினால், பத்து நிமிட அளவீட்டில் அதுவே 33 பிபிஎம் பிழை. ஒரு மணி நேரம் விட்டால் ஆறுக்கும் கீழே இறங்கிவிடும். கார்டை அரைமணி நேரம் சூடேற விட்டு ஆரம்பிப்பது நல்லது. 11,025-இல் அளந்த திருத்தத்தை 48,000-க்கு அப்படியே எடுத்துப்போகக் கூடாது. இரண்டும் ஒரே கிரிஸ்டலிலிருந்து வந்தாலும் நடுவில் ஆபரேட்டிங் சிஸ்டம் மாற்றிக் கொடுக்கும் வழி வேறாக இருக்கலாம். வாங்கும் பக்கத்துக்கும் அனுப்பும் பக்கத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது.

கத்திரி வெயிலில் பாளையங்கோட்டை 40 டிகிரியைத் தொடுகிறது. மே மாதத்தில் அளந்தது டிசம்பருக்கு உதவுமா என்று கேட்கலாம். வெப்பத்தால் கிரிஸ்டல் நகர்வது பெரும்பாலும் சில பிபிஎம் அளவில்தான். மலிவான கார்டு பிறவியிலேயே கொண்டுவரும் பிழை அதைவிடப் பலமடங்கு இருக்கக்கூடும். முதலில் அந்தப் பெரிய பிழையை எடுத்துவிட்டு, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும். திருத்தம் கார்டுக்கு உரியது, கணினிக்கு உரியதல்ல. அதனால் எண்ணையும் தேதியையும் சாம்பிளிங் ரேட்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கார்டின் முதுகிலேயே ஒட்டிவிடலாம். அவசரத்தில் அதைப் பிடுங்கி வேறு லேப்டாப்பில் செருகுபவர் நாமாகத்தான் இருப்போம் என்பதில்லை.