நிக்கலோடு கொஞ்சம் பாஸ்பரஸ்

தண்ணீரில் மின்சாரம் விட்டால் ஹைட்ரஜன் வரும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். எத்தனை வோல்ட் விட வேண்டும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இறுதியாண்டு புராஜெக்டுக்கு நானும் என் நண்பனும் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டோம்.

கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் 1.8 முதல் 2 வோல்ட் வரை இழுக்கும். மிச்சமெல்லாம் மின்வாய்களின் மேற்பரப்பிலும் கரைசலின் தடையிலும் வீணாகிறது. இது சில்லறைக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள் நண்பர்களே! பாரடே விதிப்படி ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 26,600 ஆம்பியர்-மணி வேண்டும். எனவே 0.1 வோல்ட் குறைந்தால் கிலோவுக்கு 2.66 யூனிட் மிச்சம். 2023 ஜனவரியில் ஒப்புதலான தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கு, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். பெருக்கிப் பாருங்கள், 1,330 கோடி யூனிட் வரும். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர்களாகிய நமக்குப் பக்கத்திலேயே நெய்வேலியில் 1000 மெகாவாட் புதிய அனல்மின் நிலையம் இருக்கிறதே, அது வருஷம் பூரா முழு மூச்சில் ஓடினாலும் 876 கோடி யூனிட்தான்.

ஹைட்ரஜன் வெளிவரும் எதிர்மின்வாயில் இந்த நஷ்டத்தைக் குறைப்பதில் பிளாட்டினம்தான் ராஜா. விலையைக் கேட்டால் தலை சுற்றும். நிக்கல் மலிவு; ஆனால் ஹைட்ரஜன் அணுவைப் பிடித்தால் லேசில் விடாது. நல்ல வினையூக்கி பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். நிக்கல் பாஸ்பைடில் இரு தனிமங்களும் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளும் என்று 2005-இல் லியூவும் ரோட்ரிகசும் கணக்கிட்டுச் சொன்னார்கள். 2013-இல் ஷாக், லூயிஸ் குழுவினர் அதை நானோ துகள்களாகவே செய்து, அமிலத்தில் ஓட்டிக் காட்டிவிட்டார்கள்.

நானோவெல்லாம் நம்ம லேபில் நடக்காது. நாங்கள் பிடித்தது 1940-களில் பிரென்னரும் ரிடெலும் கண்ட பழைய வழி. கரன்ட் இல்லாமலே நிக்கல் பூசுவது. நிக்கல் சல்பேட், சோடியம் ஹைப்போபாஸ்பைட், சோடியம் சிட்ரேட், 90 டிகிரி சூடு. படியும் பூச்சில் பாஸ்பரசும் தானாகவே சேர்ந்துவிடும்.

செப்புத் தகட்டை உள்ளே விட்டோம். பத்து நிமிஷம் ஆயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. "சரக்கு டூப்ளிகேட்டுடா" என்றான் நண்பன். லேப் அட்டெண்டர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஒரு இரும்பாணியால தகட்டைத் தொட்டுப் பாருங்க தம்பி."

தொட்டோம். தகடு முழுக்கக் குமிழ்! செம்பு இந்த வினையைத் தானாகத் தொடக்காது. இரும்பு பட்டதும் ஒரு சின்ன மின்கலம் உண்டாகி, முதல் நிக்கல் படலம் விழுகிறது. அதற்கப்புறம் நிக்கலே வினையூக்கி. அந்தக் குமிழும் ஹைட்ரஜன்தான்.

கரைசலில் அமிலத்தன்மை கூடினால் பூச்சில் பாஸ்பரஸ் கூடும். ஆகவே பிஎச் 4-இல் ஒரு தகடு, 6-இல் ஒரு தகடு போட்டோம். முதலாவது கண்ணாடி மாதிரிப் பளபளத்தது, இரண்டாவது மங்கல். பாஸ்பரஸ் அதிகமுள்ள பளபளப்புத் தகடுதான் ஜெயிக்கும் என்று ரிப்போர்ட்டின் முடிவுரையைக்கூட முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன். (இந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள்.)

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில், அதே நேர்மின்வாய், அதே இடைவெளி, அதே கரன்ட் வைத்து எதிர்மின்வாயை மட்டும் மாற்றினோம். வெறும் செம்புதான் அதிக வோல்ட் கேட்டது. அடுத்தது பளபளப்பு. மங்கல் தகடுதான் குறைவாகக் கேட்டது! மூன்று முறை கழற்றி மாட்டினோம். வரிசை மாறவில்லை. முடிவுரையைக் கிழித்தேன்.

அப்புறம்தான் படித்தோம். 3 சதவீத அளவில் பாஸ்பரஸ் உள்ள பூச்சு, அதிக பாஸ்பரஸ் உள்ளதைவிடச் சுறுசுறுப்பானது என்று 1995-லேயே பசேகா எழுதியிருக்கிறார். அதிக பாஸ்பரஸ் துருவைத் தடுப்பதில்தான் கெட்டி. பட்டறைக்காரர்கள் அதை விரும்புவதும் அதற்காகத்தான்.

வைவாவில் வெளித் தேர்வாளர் மங்கல் தகட்டை விரலால் தடவினார். "இது சொரசொரன்னு இருக்கேப்பா. பரப்பு அதிகமானதால வோல்ட் குறைஞ்சுதா, பாஸ்பரஸாலயா?"

"பிரிச்சுப் பார்க்கலை சார்" என்றேன்.

பிரிக்க வழி உண்டு. மின்வாயின் இரட்டை அடுக்குத் தேக்குதிறனை அளந்தால் உண்மையான பரப்பு தெரியும். அதற்குப் பொட்டன்ஷியோஸ்டாட் வேண்டும், நம்மிடம் இல்லை. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. கடிதம் எழுதிக் கேட்க நினைத்தோம். அதற்குள் செமஸ்டர் முடிந்துவிட்டது.

இரண்டு தகடுகளும் லேப் அலமாரியில் பேப்பரில் சுற்றி இருக்கின்றன. ஜூனியர் யாராவது எடுத்தால், கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது. நாங்கள் ஓட்டியது இரண்டு மணி நேரம்தான். நூறு மணி நேரம் ஓட்டினால் பூச்சு நிற்குமா என்று முதலில் பாருங்கள்.