பெயர் வைக்குமுன் பக்கத்து மொழியையும் கேளுங்கள்

செங்கல்பட்டு வட்டார மளிகை வியாபாரிகளில் பலர் மிளகாய்த் தூள், சாம்பார்ப் பொடி, அப்பளம் முதலியவற்றைச் சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு விற்க முன்வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் கவருக்கு அச்சு சிலிண்டர் வெட்டிய பிறகு பெயரை மாற்ற நேர்ந்தால் சிலிண்டரும் வீண், அச்சடித்த கவரும் வீண். சிறு வியாபாரிக்கு அது தாங்காத நஷ்டம்.

'பந்தி' என்றால் நமக்கு வாழை இலையும் விருந்தும் நினைவுக்கு வரும். மசாலாவுக்கு அருமையான பெயர்தான். அதே பாக்கெட்டை நெல்லூர்க் கடைக்காரரிடம் நீட்டினால் முகம் சுளிப்பார். தெலுங்கில் 'பந்தி' என்பது பன்றி. 'பாட்டி' ஊறுகாய் என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டால் நெடில் மறைந்துவிடும். மலையாளி அதைப் 'பட்டி' என்று படித்தால் நாய் என்று பொருள். மாமல்லபுரத்தில் 'பூ' மார்க் ஊதுபத்தியை ஆங்கிலத்தில் இரண்டு 'ஓ' போட்டு எழுதி வைத்தால், வெள்ளைக்காரக் குழந்தைகள் மலத்துக்குச் சொல்லும் சொல் அது. பயணிகள் படம் எடுப்பார்கள். வாங்குவார்களா என்பது சந்தேகமே.

மார்க் பெயர் மட்டுமல்ல, சரக்கின் பெயரே கூட இடறும். நாம் 'சர்க்கரை' என்பது வெள்ளைச் சீனி. கேரளத்தில் 'சர்க்கரா' என்றால் வெல்லம். இலங்கைத் தமிழரும் வெல்லத்தையே சர்க்கரை என்பார்கள். வாய்மொழி ஆர்டரில் மூட்டையே மாறிப் போகலாம்.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. நம் எல்லாக் கடையிலும் உள்ள விக்ஸ், ஜெர்மனியில் 'விக்' என்றே விற்கிறது. அங்கே முதல் எழுத்தை 'ஃப' போல உச்சரிப்பதால் பழைய பெயர் கொச்சையாகிவிடும். ஈரானில் 'பர்ஃப்' என்றொரு சலவைத் தூள் உண்டு. பாரசீகத்தில் பனி என்று பொருள்; நம் பர்பியின் பெயரும் அந்தச் சொல்லில் பிறந்ததே. ஆங்கிலத்திலோ வாந்தி! படித்தவர்கள் நிறைந்த கம்ப்யூட்டர் துறையிலும் இதே கதைதான். பிரான்சில் 1980களில் உருவான 'காக்' என்ற மென்பொருளுக்கு அவர்கள் மொழியில் சேவல் என்று பொருள். ஆங்கிலக் காதுக்கு அது ஆபாசமாகப் பட்டதால், 2023இல் முடிவெடுத்து 'ராக்' என்று மாற்றினார்கள்.

வைத்த நாளில் நன்றாயிருந்து பிறகு கெடும் பெயரும் உண்டு. டாடா நிறுவனம் 2015 டிசம்பரில் 'ஜிகா' என்று கார் அறிவித்தது. அதே ஒலியுள்ள காய்ச்சல் பரவவே, 2016இல் 'டியாகோ' என மாற்றி விற்பனைக்கு விட்டது. நம் ஜி.எஸ்.டி. ரோடு மட்டும் என்னவாம்? 2017 ஜூலைக்கு முன் அது வெறும் சாலைதான். இப்போது அந்த எழுத்தைக் கடைப் பெயரில் போட்டால் வாடிக்கையாளருக்கு வரிதான் நினைவுக்கு வரும்.

1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி ஆபாசமான குறியைப் பதிவு செய்ய முடியாது. தமிழ் எழுத்தில் பெயர் கொடுத்தால் ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் இணைத்துத்தான் மனுச் செய்ய வேண்டும். ஆனால் தெலுங்கில் பன்றி என்பது ஆபாசமல்ல. அதைப் பார்த்துச் சொல்வது அதிகாரி வேலையும் அல்ல. ஆகவே டிசைன் காகிதத்தை முதலில் மலையாளி டீக்கடைக்காரர், அரிசி ஏற்றி வரும் நெல்லூர் லாரி டிரைவர், மாமல்லபுரத்தில் அந்நிய மொழி பேசும் வழிகாட்டி ஆகிய மூவரிடமும் காட்டி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். யாராவது சிரித்தால் காரணம் கேட்டுக்கொண்டு, பிறகு அச்சகத்துக்குப் போகலாம்.