இருபது இலை போடப் போகும் பிள்ளைகளுக்கு

நாகப்பட்டினத்தில் சின்னதாக ஒரு உணவகம் திறக்கப் போகிறீர்கள். இருபது பேர் உட்காரும் இடம், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும், அந்தந்தப் பருவத்தில் இந்த மண்ணும் கடலும் தருவதுதான் இலைக்கு வரும் என்கிறீர்கள். கேட்கவே நெஞ்சு நிறைகிறது. அடுப்படியிலேயே மூத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. மெனுவை அச்சடித்து வைக்காதீர்கள். விடியற்காலையில் அக்கரைப்பேட்டை ஏலத்துக்குப் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கி வந்த பிறகு எழுதுங்கள். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஆலிஸ் வாட்டர்ஸ் 1971-இல் ஷே பனீஸ் உணவகத்தைத் தொடங்கியபோது, அன்றன்றைக்கு ஒரே மெனு, வந்த எல்லோருக்கும் அதேதான். நம் கல்யாணப் பந்தியும் அப்படித்தானே நடக்கிறது!

2. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருக விடும் காலம் அது. உங்கள் வாக்குக்குச் சோதனையும் அப்போதுதான். "வஞ்சிரம் இல்லையா?" என்று கேட்பார்கள். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும் என்பதால் அங்கிருந்து ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும். வாங்காதீர்கள். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. கரையோரம் அவர்கள் பிடித்து வரும் நெத்திலி, மத்தி, நண்டு போதும். மாங்காய் மலிந்து கிடக்கும் மாதங்கள் அவை. நெத்திலியும் மாங்காயும் சேர்ந்து கொதித்த குழம்பு மணக்கும் வீட்டில் வஞ்சிரத்தை யார் தேடப் போகிறார்கள்? "இன்றைக்கு இல்லை" என்பதையும், ஏன் இல்லை என்பதையும் முகம் கோணாமல் சொல்லச் சப்ளையரைப் பழக்குங்கள்.

3. அரிசிக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். தையில் வரும் புது அரிசி பொங்கலுக்கும் கஞ்சிக்கும் அருமை. சோறு வடித்தால் குழைந்துவிடும். ஓராண்டு இருப்பு வைத்த நெல்லில்தான் சோறு பொலபொலவென்று நிற்கும். ஆகவே இந்த ஆண்டுக்கு வாங்கும்போதே அடுத்த ஆண்டுக்கும் வாங்குங்கள். மாப்பிள்ளைச் சம்பா வயலிலேயே ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கிற நெல். உலைக்கும் அதே பொறுமை வேண்டும், முதல் நாள் இரவே ஊறவையுங்கள். அறுவடைக்கு முன்பே விவசாயியிடம் பேசி வைத்து, மூட்டை இறங்கிய அன்றே பணத்தைக் கொடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் தென்னையையும் மாவையும் எப்படிச் சாய்த்தது என்று உங்களுக்கே தெரியும். ஒரே இரவில் எல்லாம் போகக்கூடிய தொழில் செய்கிறவரிடம் கடன் சொல்லக் கூடாது.

4. வெயிலை வீணாக்காதீர்கள். மாசி, பங்குனியில் மாவடு போடுங்கள். உதிரும் வேப்பம்பூவைச் சேர்த்துக் காயவையுங்கள். கருவாடு, சுண்டைக்காய் வற்றல், சின்ன வெங்காய வடகம் எல்லாம் அந்தந்த நேரத்தில் பானைக்குப் போகட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டிக் கீரைப் பாத்தி அழுகி, படகும் கரையேறி நிற்கும் நாட்களில் உங்கள் இலை இவற்றால்தான் நிறையும். அதையும் பருவச் சமையல் என்று பெருமையாகவே சொல்லுங்கள்.

5. மெனுவில் ஊர்ப் பெயர் போட்டால் பொருள் அந்த ஊரிலிருந்தே வர வேண்டும்.

6. விலை கூடிய இடம் என்பதற்காக ஒரு கரண்டி வைத்துவிட்டு நகராதீர்கள். இருபது பேரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்துச் சுடச்சுடப் பரிமாறுங்கள். மறுசோறு கேட்கும் முன்பே பாத்திரத்தோடு போய் நில்லுங்கள். சின்ன இடத்தின் நெருக்கம் இதில்தான் இருக்கிறது. விளக்கை மங்கலாக்குவதால் அது வராது.

7. முன்பணம் வாங்கத் தயங்காதீர்கள். இருபதில் இரண்டு பேர் வராமல் போனால் அன்றைய வரவில் பத்தில் ஒரு பங்கு போச்சு; வாங்கிய மீனும் வீண்.

8. கடையைத் தையில் திறங்கள். பச்சை மொச்சை, பரங்கி, பனங்கிழங்கு, புது அரிசி எல்லாம் கையில் இருக்கும். மீன்பிடித் தடை வருவதற்குள் சமையல்கட்டில் உங்கள் கை பழகிவிடும்.