மரச்சட்டம் இல்லாத சோபா

சோபா என்றால் உள்ளே மரச்சட்டம் இருக்கும் என்பது பொதுவான எண்ணம். பிரான்சு நாட்டு வடிவமைப்பாளர் மிசேல் டுகாருவா அவ்வெண்ணத்தை மாற்றினார். அவர் வடிவமைத்த ‘டோகோ’ சோபா 1973ஆம் ஆண்டில் அறிமுகமானது. அதில் மரச்சட்டம் இல்லை, சுருள்வில் இல்லை, கால்களும் இல்லை. உறைக்குள் இருப்பது முழுவதும் நுரைப்பஞ்சே. மடிந்து கிடக்கும் பற்பசைக் குழாயின் தோற்றமே அதன் வடிவத்திற்கு வித்திட்டது.

சட்டம் இல்லாத சோபா, அமர்ந்தவுடன் சரிந்துவிடாதா? சரியாது. அடர்த்தியில் வேறுபட்ட நுரைப்பஞ்சுகள் அதனுள் இணைக்கப்பட்டுள்ளன. உறுதியான பஞ்சு எடையைத் தாங்குகிறது. மென்மையான பஞ்சு உடலுக்கேற்பக் குழைகிறது. தரையை ஒட்டித் தாழ்ந்திருப்பதால், கால்களை நீட்டிச் சாய்ந்திருக்க அது மிகவும் ஏற்றது. ஆயினும், முழங்கால் வலி உள்ள முதியோர் அதிலிருந்து எழுவது கடினம். ஒருவருக்குச் சுகமானது மற்றவருக்கும் சுகமாக இருக்கும் என்று கூற இயலாது.

மென்மை மட்டும் சுகம் தருவதில்லை. அதைத் தாங்கும் உறுதியும் உள்ளே இருத்தல் வேண்டும்.

பயிற்சி

1. டோகோவின் வடிவத்திற்கு வித்திட்ட பொருள் எது?
2. சட்டம் இல்லாவிடினும் டோகோ சரியாமல் இருப்பது ஏன்?
3. உங்கள் வீட்டு முதியவருக்கு ஏற்ற இருக்கை எப்படி இருக்க வேண்டும்? மூன்று தொடர்களில் எழுதுக.