சுவாதீனமிழந்த கால் துள்ளுவதேன்?

கேள்வி: முதுகுத்தண்டில் அடிபட்ட என் தமையனாரின் கால், போர்வை உரசினாலே வெடுக்கென்று மடங்குகிறதே, இது குணமாவதன் அறிகுறியா?

பதில்: அவ்வசைவு மூளையின் ஆக்ஞையால் நிகழ்வதன்று; காயத்துக்குக் கீழே உயிரோடிருக்கும் தண்டுவடமே போர்வையின் ஸ்பரிசத்தை ஏற்று, மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் தசைகளை இயக்குகிறது. ஆகவே, அதை மட்டும் கொண்டு குணமாகிறதென்று நிச்சயிப்பதற்கில்லை. ஆயினும் தண்டுவடத்தின் சக்தியைக் குறைவாக மதிப்பிடவும் வேண்டாம். மூளைத் தொடர்பறுந்த பூனையின் தண்டுவடம், காலிலிருந்து உணர்ச்சி கொண்டுவரும் நரம்புகளும் துண்டிக்கப்பட்ட நிலையில், நடையின் தாளத்தைத் தானே தோற்றுவிப்பதை 1911-இல் கிரஹாம் பிரௌன் காட்டினார். சரியாக நூறாண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் லூயிவில் நகரில் சூஸன் ஹார்க்கெமா குழுவினர், மார்புக்குக் கீழே அசைவிழந்திருந்த ஓர் இளைஞரின் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிமேல் 16 மின்முனைகளைப் பதித்து, நெடுநாள் பயிற்சியோடு மெல்லிய மின்சாரமும் பாய்ச்சியபோது, அவர் தம் உடற்பாரத்தைத் தாமே தாங்கி நின்றார். மாதங்கள் சில கழிந்தபின், மின்சாரம் ஓடும் வேளையில், நினைத்த மாத்திரத்தில் கால்விரலை அசைக்கவும் செய்தார். என்ன ஆச்சரியம்! அற்றுப்போனதென்று எண்ணிய பாதையில் சில இழைகள் மிஞ்சியிருந்தன போலும்.

இம்முறை இன்னும் எல்லோருக்கும் எட்டுவதாயில்லை. தமையனாரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்து, மூட்டுகளை நாள்தோறும் மெல்ல மடக்கி நீட்டிவிடுங்கள். துள்ளல் திடீரென்று அதிகரித்தால், படுக்கைப்புண்ணோ சிறுநீர்க் கோளாறோ காரணமாயிருக்கலாம். தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.