கரிசல் பாதையில் ஓடை கடப்போர் கவனத்திற்கு

விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்வதால், சாத்தூரை அடுத்த அச்சங்குளம் வட்டாரத்தில் உடைமரக் காட்டினூடே ஓடைகளைக் கடந்து செல்லும் மண்பாதைகளில் ஜீப்போ லோடு வேனோ ஓட்டுவோர், கோடைக்காலப் பழக்கத்தை இப்போதே கைவிட வேண்டும்.

கரிசல் என்பது நீரை உறிஞ்சி உப்பும் களிமண். மழை ஓய்ந்த மறுநாள் மேலே பொருக்கு, அதாவது காய்ந்த மெல்லிய ஓடு, கட்டித் தரை இறுகிவிட்டதுபோல் தோன்றினாலும், சக்கரம் அதை உடைத்து இறங்கியதும் அடிச்சேறு டயரின் வெட்டுகளில் அப்பி, மட்கார்டு வரை அடைத்துவிடும். அந்நிலையில் ஆக்சிலரேட்டரை மிதிப்பது பள்ளத்தை ஆழமாக்குமேயன்றி வண்டியை நகர்த்தாது. சேற்றைச் சுரண்டி எடுத்து, சக்கரத்தின் முன் தழையோ சாக்கோ இட்டு மெல்ல நகர்த்துவதே வழி. டயர்க் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்பது பொதுவாக உண்மையாயினும், வெட்டிப்போட்ட சீமைக்கருவேல முள் கிடக்கும் இப்பாதைகளில் தளர்ந்த டயரின் பக்கச்சுவர் எளிதில் குத்துப்படுமாதலால், மாற்று டயரும் காற்றடிக்கும் பம்பும் இல்லாதோர் அதைச் செய்யலாகாது.

வைப்பாறும் அதன் துணையாறுகள் பலவும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் காட்டாறுகள், அதாவது மழைக்கு மட்டும் திடீரெனப் பெருகி விரைவில் வடிபவை. ஆகவே உள்ளூரில் வானம் வெளுத்திருப்பது எதற்கும் உத்தரவாதமன்று. அம்மலைத்தொடரிலுள்ள சதுரகிரியில் 2015 மே மாதத்தில் பக்தர்களின் உயிரைப் பறித்ததும் இத்தகைய திடீர் வெள்ளமே. சமவெளி ஓடைகளிலோ, கண்மாய் நிறைந்து மறுகால் பாயத் தொடங்கினால், மழையே இன்றியும் நீர் ஏறும்.

ஓடும் நீர் ஓரடி உயர்ந்தாலே சிறிய காரை மிதக்கச் செய்யும். இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும். கலங்கிய நீரில் தரை தெரியாத இடத்தையும், மணல் அள்ளிய குழிகள் உள்ள இடத்தையும் தவிர்க்க வேண்டும். நீர் தேங்கி நிற்கும்போது மட்டும் கோலூன்றி நடந்து ஆழம் பார்த்து, முதல் கியரில், இடையில் மாற்றாமல், சீரான வேகத்தில் கடக்கலாம். நடுவில் எஞ்சின் நின்றால் மீண்டும் முடுக்கக் கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கரையேறியதும் பிரேக்கைச் சிலமுறை மெல்ல மிதித்து உலர்த்த வேண்டும்.

இவ்வட்டார லோடு வேன்களில் செல்லும் சரக்கிலும் கவனம் தேவை: பட்டாசுத் தொழிலுக்குரிய அலுமினியப் பொடி ஈரம் பட்டால் சூடேறி, ஹைட்ரஜன் வாயுவை வெளியிட்டுத் தீப்பற்றக்கூடியது. அதை ஏற்றிய வண்டி, எவ்வளவு அவசரமாயினும், ஓடைக்குள் இறங்கவே கூடாது.

மழை நின்றால் சிற்றோடைகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதுவரை கரையில் காத்திருப்பதே அறிவுடைமை. வண்டி சிக்கி நீர் ஏறத் தொடங்கினால் அதை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறி, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைக்கவும்.